சிவப்பு டின்னும் நீல டின்னும்

1974, மார்ச் 12. காலை 7.20.

கோபாலபுரம் ஓட்டப் பயிற்சி முகாம். எட்டு வாரப் பாடு மண்ணாகிப் போனதை ஆராய்ச்சியாளர் துரைசுவாமி மூன்றாம் முறையாகக் கூட்டிப் பார்த்தார். சிவப்பு அணி ஆறு பேரும் ஆயிரத்தைந்நூறு மீட்டரில் சராசரி இருபத்தொரு விநாடி முன்னேறியிருந்தார்கள். நீல அணி ஆறு பேரும் அதே இருபத்தொன்று. அட கஷ்டகாலமே! சிவப்பு அணிக்கான சிவப்பு டின்னில் இருந்தது அவர் மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு சேர்த்த சத்துமாவு. நீல டின்னில் வெறும் கோதுமை மாவு. எது எதில் என்று அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வித்தியாசம் காட்டாவிட்டால் சர்வகலாசாலை ஆராய்ச்சியையே நிறுத்திவிடும்.

"நல்லதம்பிதான் சத்துமாவைக் களவாண்டிருக்கான். நீல அணியிலே அவன்தான் முதல். இன்னிக்கே முகாமை விட்டு வெரட்டறேன்!" என்று செக்போஸ்ட் ஏட்டு சென்னிமலையிடம் பொரிந்து தள்ளினார்.

8.05. ஏட்டு அலமாரியைப் பார்த்தார். பூட்டில் கீறல் இல்லை. டின்களை எடை போட்டார். குறைய வேண்டியதுதான் குறைந்திருந்தது.

"சாவி எங்கீங்க?"

"என் பூணூல்லே."

"தூங்கறப்ப?"

"அப்பவும்."

"மாவை ஆருங்க அளக்கறது?"

"நான்தான். ரெண்டு பொட்டலம் கட்டி, சமைக்கற மருதாத்தாள் கையிலே குடுப்பேன். அவ தனித்தனியாப் பால்லே காய்ச்சி, சிவப்புக் கோடு, நீலக் கோடு போட்ட டம்ளர்லே விடுவா. நான் அப்போ மைதானத்திலேயாக்கும்."

8.30. சமையற்கட்டு. விறகடுப்புப் புகையில் சுவரெல்லாம் கரி. பால் காய்ச்சத் துரைசுவாமி வாங்கிக் கொடுத்த இரண்டு பெரிய அலுமினியப் பாத்திரங்கள், போசிகள், கவிழ்ந்து கிடந்தன. ஒன்றின் அடி அட்டக்கரி. மற்றது பளபளத்தது. ஏட்டு அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"நன்னா வெளக்கறா. அதுக்கென்ன? திருடனைப் பிடியும் ஓய்!"

"திருட்டே நடக்கலீங்க சார். நல்லதம்பியை உட்டுருங்க," என்றார் ஏட்டு. "டின்னும் செரி, பொட்டலமும் செரி. எட்டு வாரம் வெறகடுப்புல ஏறுன போசி என்ன வெளக்கினாலும் இப்படிப் புதுசாட்டம் இருக்குமுங்களா? இது ஒருநாளும் அடுப்பேறலை. ரெண்டு பொட்டலமும் அந்தக் கரிப் போசி ஒண்ணுலயே வெந்திருக்குது. ஏனுங்க மருதாத்தாக்கா?"

சமையற்காரி மருதாத்தாள் மறைக்கவில்லை.

"ஆமாங்க. எதுல சத்துன்னு நாக்குல வெச்சா தெரியாதுங்களா? ஒரே பந்தியில உக்கார்ற புள்ளைங்க. ஒருத்தனுக்குச் சத்து, ஒருத்தனுக்கு வெறும் மாவா? பந்திவஞ்சனைப் பாவம் ஏழு சென்மத்துக்கும் உடாதுங்க."

துரைசுவாமிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. முன்னேறியது மாவாலா, ஓட்டத்தாலா? இனி பிரம்மாவாலும் சொல்ல முடியாது. எட்டு வாரத்தில் ஒரு தடவையாவது இந்தச் சமையற்கட்டில் எட்டிப் பார்த்திருக்கலாம். வெள்ளிக்கிழமை 'முடிவு இல்லை' என்று எழுதிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"மொகம் வாடிப் போச்சுங்க. குடியுங்க," என்று மருதாத்தாள் ஒரு டம்ளரை நீட்டினாள். "உங்களை மட்டும் உடலாமுங்களா?"

வாங்கியதும் பழக்கதோஷத்தில் கோடு சிவப்பா நீலமா என்றுதான் முதலில் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு குடித்தார்.