தையலுக்குள் போன குறி

காயல்பட்டினம் ஒப்புநோக்கு நிலையத்தில் வேலை காலை ஏழரைக்குத் தொடங்கும். கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, கையெழுத்துப் பிரதியை ரைகால் என்னும் புத்தகத் தாங்கிப் பலகையில் விரிப்பேன். தூரிகையால் பூச்சித்தூளைத் தள்ளுவேன். மேலே தொங்கும் படிப்பான் இயந்திரம் பக்கத்தை வருடி அரபு எழுத்தைத் திரையில் ஏற்றும். அது தவறவிட்டதை நான் பிடிக்க வேண்டும். மின்விசிறி உண்டு, நாற்காலி உண்டு. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் மகனுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை பெரிய வேலைதான்.

நாங்கள் பதிப்பிப்பது போர்ச்சட்டம். யாரைக் கொல்லக் கூடாது, எந்த மரத்தை வெட்டக் கூடாது என்று எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நீதிபதி எழுதியது. படிக்க ஆளில்லாத நூல் என்று நினைக்க வேண்டாம். மலைநாட்டில் மோதும் இரண்டு படைகளின் போர்ப்பறவைகளும், அதாவது ட்ரோன்களும், இதைப் படித்துவிட்டுத்தான் பறக்கின்றன. ஒரு தரப்பு எழுதிய நிரலை மறுதரப்பு நம்பவில்லை. கடைசியில் இரண்டும் இந்த நூலுக்கு ஒப்புக்கொண்டன. செத்தவருக்கு லஞ்சம் கொடுக்க முடியாதே. நாங்கள் முத்திரையிட்ட வரியை ட்ரோன் மீறாது. நாங்கள் விட்ட வரி அதற்குத் தெரியவே தெரியாது.

அன்று நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் மூன்றாம் அத்தியாயம் இரு படைகளுக்கும் போயாக வேண்டும். கொல்லக் கூடாதவர்கள்: பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், துறவிகள். பக்கத்தின் உள் ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: “கூலிக்குச் சுமப்பவனும், அவன் ஆயுதம் தொடாதவரை.”

யாரோ ஒரு வாசகர் பிற்காலத்தில் கிறுக்கியது என்று படிப்பான் அதை ஒதுக்கியிருந்தது. காரணமும் சொன்னது. படியெடுப்பவர் விட்டுப்போன வரியை ஓரத்தில் எழுதினால், முடிவில் ‘ஸஹ்ஹ’ என்று குறி போடுவார். சரிபார்த்தேன் என்று பொருள். இங்கே குறி இல்லை.

என் தம்பி உவைஸ் அந்த மலைநாட்டில்தான் கூலிக்குத் தண்ணீர் கேன் சுமக்கிறான்.

“லாத்தா, இந்த வரி மூலத்துல சேரணும்” என்றேன்.

தலைமைப் பதிப்பாளர் சுலைஹா எங்களுக்கெல்லாம் லாத்தா, அதாவது அக்கா; மூக்குக்கண்ணாடியை இறக்கினார். “குறி எங்க?”

“காணோம்.”

“அப்ப அடிக்குறிப்புல போடு.”

“ட்ரோன் அடிக்குறிப்பு படிக்காதே.”

“நூகு, ஒன் தம்பி அங்க இருக்கான். ஒன் கண்ணு வேண்டியதைத்தான் பாக்கும். இன்னைக்கு நம்ம ஆசைப்பட்டதைச் சேர்த்தா, நாளைக்குப் படைக்காரனுவ ஆசைப்பட்டதையும் சேர்க்கச் சொல்லுவானுவ.”

அவர் சொன்னது நியாயம். திரும்பி வந்து, எழுத்தை விட்டுவிட்டுத் தையலைப் பார்த்தேன். வெளி ஓரம் மூன்று விரல் அகலம். உள் ஓரம் அரை விரல்கூட இல்லை. தைத்த இழையோ புதிது.

“இது மறுதையல், லாத்தா. பிஞ்ச மூட்டையைத் திரும்பத் தைச்சா ஒரு விரல் அகலம் உள்ள போயிரும். வரியோட முடிவும் அப்படித்தான் உள்ள போயிருக்கு.”

“மூட்டைக்காரன் மவனுக்குக் கிதாபும் மூட்டைதான்.”

“ஆமா. நான் தொடல. நீங்களே அவுத்துப் பாருங்க.”

லாத்தா சின்னக் கத்தியை எடுத்தார். ஐந்து தையலை அறுக்க அரைமணி நேரம் ஆனது. தாளை மெல்ல விரித்தார். மடிப்புக்குள் வெளிச்சம் படாத மை நேற்று எழுதியதுபோல் கறுப்பாக இருந்தது. மூலத்தைப் படியெடுத்த அதே கை, அதே பேனா: ஸஹ்ஹ. லென்ஸ் வைத்து இரண்டு தடவை பார்த்தார்.

“வரியை மேல ஏத்து. அந்தப் படிப்பானை ஒரு வாரம் மூட்டை தூக்க அனுப்பு. அப்பவாவது புத்தி வரும்.”

தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன் அத்தியாயம் போய்விட்டது.

நான்காம் நாள் உவைஸ் போனில் கூப்பிட்டான். அண்ணனான என்னைக் காக்கா என்றுதான் அழைப்பான்.

“காக்கா, நேத்து பறவை தலைக்கு மேல வந்து நின்னுச்சு. கேனைப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு, போயிருச்சு. மாப்பிள்ளை பாக்க வந்தவங்க மாதிரி.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“இரு. மேஸ்திரி என்ன சொன்னான் தெரியுமா? ஒங்களைத்தான் சுடாதே, இனிமே குண்டுப்பெட்டியும் நீங்களே தூக்குங்கன்னான்.”

“நீ என்ன சொன்னே?”

“ஆயுதத்தைத் தொட்டா பறவை சுடும், சட்டத்துல இருக்கு, முடியாதுன்னேன். நாப்பது பேரும் கேனை இறக்கி வச்சிட்டோம். அவன் போனை எடுத்து அந்த வரியைப் படிச்சிப் பாத்தான். அப்படியே திரும்பிப் போயிட்டான்.”

எங்கள் வாப்பா முப்பது வருஷம் சுமந்தார். ஒரு மேஸ்திரியிடமும் முடியாது என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

“உவைஸு,” என்றேன், “அவன்கிட்ட என்ன சொன்னே? திரும்பச் சொல்லு.”