பழைய நாட்டு எண்

புதிய ஃபோனில் எல்லோரும் இரண்டிரண்டாக இருந்தார்கள். அம்மா இரண்டு. தையல்காரர் இரண்டு. தண்ணீர் கேன் இரண்டு. எண் ஒன்றேதான். முன்னால் ஒட்டியிருந்த நாட்டு எண் மட்டும் வேறு.

அவள் தம்பியை அழைத்தாள். ஃபோன் கடையில் வேலை செய்பவன். காலையில் பழைய ஃபோனிலிருந்து எண்களை மாற்றிக் கொடுத்ததும் அவன்தான்.

“பதறாதக்கா. பழைய ஃபோன் அந்த நாட்டுல வாங்கினதுதானே? நீ எல்லா நம்பரையும் முன்னால நாட்டு கோடு போடாம மொட்டையா வச்சிருந்த. நீ இன்னும் அங்கயே குடியிருக்கேன்னு நினைச்சு அது அந்த கோடை ஒட்டிடுச்சு. நான் நாட்டை மாத்தினதும் இந்த ஊர் கோடோட இன்னொரு செட் வந்துடுச்சு.”

“இப்ப என்ன பண்ணணும்?”

“பேரைத் தொட்டா ‘ஒன்றிணை’ன்னு வரும். கண்ணை மூடிக்கிட்டு அமுக்கு. ரெண்டும் ஒரே ஆள்தான்.”

“எது நிக்கும்?”

“இந்த ஊர் கோடு இருக்கிறது நிக்கும். மத்தது போயிடும். போனா போகட்டும், அங்க நமக்கு யாரு இருக்கா?”

சொன்னதும் அவனே நிறுத்திக்கொண்டான். “சரிக்கா, கடையில ஆள் நிக்கிறாங்க” என்று வைத்துவிட்டான்.

மதியம் மூன்று மணி. துடைத்த தரை காய்ந்துகொண்டிருந்தது. தரைத்தள வீடு. திரும்பி வந்த மூன்று வருடங்களில் மூன்று வீடுகள் மாறிவிட்டார்கள். எதிலும் மாடி இல்லாமல் பார்த்துக்கொண்டாள். அங்கே அவர்கள் இருந்தது எட்டாவது மாடி. பால்கனிக் கதவின் கொக்கி தளர்ந்திருந்தது. இவள் பால் வாங்கக் கீழே போயிருந்தாள். அப்போது மகளுக்கு ஐந்து வயது.

அம்மாவை ஒன்றாக்கினாள். தையல்காரரை. தண்ணீர் கேனை. அடுத்து ‘அவர்’. ஏசி பழுதுபார்க்கப் போனவர் இன்னும் சாப்பிட வரவில்லை. முதல் எண்ணை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. விரல் தானாக இரண்டாவதில் விழுந்தது.

மணி அடித்தது. ஒரே நீள ஒலி, பிறகு ஒரு இடைவெளி, மறுபடியும் அதே நீள ஒலி. அந்த நாட்டில் இருந்த காலமெல்லாம் காதில் பழகி, இங்கு வந்தபின் ஒருமுறைகூடக் கேட்டிராத அந்த ஒலி, ஃப்ரிட்ஜின் முனகலுக்கு அடியில், ஈரத்தரையின் பினாயில் வாசத்துக்கு நடுவில், யாரோ அடுத்த அறையில் இருப்பதுபோல் அடித்துக்கொண்டே இருந்தது.

“சொல்லும்மா” என்றார் கணவர். “இப்பதானே கீழ போன? பர்ஸை விட்டுட்டியா?”

அவர் குரல்தான். அதற்குப் பின்னால் காற்று. உயரத்தில் மட்டும் அடிக்கும் காற்று.

“எங்க இருக்கீங்க?”

“இதென்ன கேள்வி? வீட்லதான். பால் வாங்கப் போனவ பாலோட வா. இந்த வாலு ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது.”

வாலு. அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

“அம்மாவா? குடுப்பா, நான் பேசறேன்!”

குரல் கொஞ்சம் தடித்திருந்தது. பல் விழுந்த இடத்தில் காற்று சீறியது.

“அம்மா, எனக்கு எட்டு வயசாயிடுச்சில்ல? அப்பா இன்னும் பிஸ்கெட்டை எண்ணித்தான் குடுக்கிறாரு. நீயே கேளு.”

ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா? ஏன் அழற?”

“பேசுடி கண்ணு. பேசிக்கிட்டே இரு.”

“என்ன பேச?”

டிங்.

லிஃப்டின் மணி. எட்டாவது மாடியில் கதவு திறக்கும்போது அடிப்பது.

“யாரோ வராங்கம்மா.”

செருப்புச் சத்தம். இடது காலை லேசாக இழுக்கும் நடை. அவளுக்கு அந்த நடை தெரியும். தன் நடை. கையில் பாலோடு வருகிறாள். இன்னும் பத்தடி. கதவைத் திறப்பாள். ‘யார்கிட்ட பேசறீங்க?’ என்பாள். ஃபோனை வாங்கிப் பார்ப்பாள். வைத்துவிடுவாள்.

ஸ்பீக்கரைப் போட்டாள். பட்டியலைத் திறந்தாள். அவர். அவர். ஒன்றாக்கிவிட்டால் குழந்தை இங்கே வந்துவிடும். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அங்கே சாவி திரும்பியது.

ஒன்றிணை.

அமுக்கினாள்.

“அம்மா, நீ எப்படி ரெண்டு எடத்து—”

கொக்கி. தளர்ந்த கொக்கி இரும்பில் தட்டும் சத்தம். ஒரு தடவை.

காற்று.

பட்டியலில் ‘அவர்’ ஒருவர்தான். இந்த ஊர் எண். அங்கே தரையில் விழுந்து கிடந்த ஃபோனில் அழைப்பு மட்டும் அறுபடவில்லை. நொடிகள் ஓடின. ஒரு பை கீழே விழுந்தது. ஏதோ தரையில் வழிந்தது.

“என்னங்க” என்றது அவள் குரல், அங்கே. “வாலு எங்க?”

செருப்பு பால்கனி வரை போயிற்று. நின்றது.

பிறகு அந்த அலறல். அது எப்படித் தொடங்கும், எந்த இடத்தில் உடையும், எப்போது மூச்சு வாங்கி மறுபடி எழும் என்று இவளுக்குத் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன் அது இவள் தொண்டையிலிருந்து வந்தது.