வசம்பு வாடை

சனிக்கிழமை காலையில் தண்ணீர் குடிக்கச் செம்பைத் தூக்கி அண்ணாந்த ஏசம்மாளுக்கு வசம்பு வாடை அடித்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டில் வசம்பு ஏது? மகன் நேசையன் கைப்பிள்ளையாக இருந்தபோது சுட்டு உரைத்ததோடு சரி, அதுவும் ஆயிற்று இருபத்தாறு வருஷம். பானைக்குள் என்னமும் விழுந்திருக்கும் என்று பானையைக் கவிழ்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, கொல்லைக் கிணற்றில் புதுத் தண்ணீர் இறைத்து ஊற்றி மோந்து பார்த்தாள். அதே வாடை. சுட்ட வசம்பும் தாய்ப்பாலும் கலந்து பிள்ளையின் உச்சந்தலையில் வீசுமே, அந்த வாடை.

இந்த வீட்டில் இப்படி ஒரு வாடை வந்தது இது முதல் தடவை இல்லை.

போன வருஷம் ஆவணியில் மருமகள் அருள்செல்வி நேசையனோடு சடைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று விடியுமுன் கிளம்பினாள். கோபம் ஆறட்டும் என்று யாரும் பின்னால் போகவில்லை. அன்று மத்தியானம் பஞ்சாலையிலிருந்து சோற்றுக்கு வந்த நேசையன், தண்ணீரை வாயில் வைத்துவிட்டுத் துப்பினான்.

"யம்மா, தண்ணியில மருக்கொழுந்து வாடை வருது."

"ஏலே, அது தண்ணியில்லலே, ஒம்பொண்டாட்டி நெனப்பு. போயிக் கூட்டிட்டு வா" என்று ஏசம்மாள் சிரித்தாள். மருக்கொழுந்து வைக்காமல் அருள்செல்வி கொண்டை முடிந்ததே இல்லை. ஏசம்மாளும் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தாள். வெறும் தண்ணீர்தான். அவனோ இரண்டு நாளாக வீட்டுத் தண்ணீரைத் தொடவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்க்கிணற்றுக்கு நடந்தான். கொல்லைப் பக்கம் போகவே பயந்தான். அந்தக் கொல்லைக் கிணற்றிலேயே தண்ணீர் எடுக்கும் அடுத்த வீட்டுப் பரிபூரணம் அம்புட்டையும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அருள்செல்வி அந்தக் கிணற்றில் மிதந்தாள். மண்டையில் அரிவாள் வெட்டு. காதில் கம்மல் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஏசம்மாளைக் கூண்டில் ஏற்றினார்கள். வேதப்புத்தகத்தில் கை வைத்துவிட்டு எதையும் மறைக்கத் தெரியாதவள். மறைக்காமல் சொன்னால் மகனை விட்டுவிடுவார்கள் என்றுகூட நம்பினாள், பாவி. அவன் தண்ணீர் குடிக்காததைச் சொன்னாள். வேறு கிணற்றுக்குப் போனதைச் சொன்னாள்.

"பிணம் கிடந்தது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. இவனுக்கு மட்டும் எப்படி அம்மா தெரிந்தது?" என்று சர்க்கார் வக்கீல் கேட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் அறைந்தது. ராஜபாளையம் வந்து சேர்வதற்குள், அவன்தான் வெட்டியிருப்பான் என்று அவளும் நம்பிவிட்டாள். பெற்றவளே நம்பிவிட்டாள்! தண்டனையாகி அவன் உள்ளே கிடந்த நாளெல்லாம், ஜெயிலுக்குப் போய் ஒரு தடவைகூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது மேல்கோர்ட்டு, தண்ணீர் குடிக்காததெல்லாம் கொலைக்குச் சாட்சியாகாது என்று அவனை விட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து வந்துவிடுவான் என்று வக்கீல் குமாஸ்தா வந்து சொல்லிப் போனார். வந்ததும் அவன் காலில் விழுந்துவிட வேண்டும் என்று ஏசம்மாள் நினைத்து வைத்திருந்தாள். மகன் காலில் தாய் விழலாமா என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

நேற்றுப் பொழுதடையும் வரை அவன் வரவில்லை. விளக்கை ஏற்றி முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினாள். பாதியில் கொல்லைப் படல் திறந்தது. செருப்புச் சத்தம் கிணற்றடி வரை போய் நின்றது. உருளை ஒரு தடவை கிறீச்சிட்டது. பிறகு வாளி விழும் சத்தம், கொஞ்சம் பெரிதாகவே. பரிபூரணம் தண்ணீர் எடுக்கிறாள் என்று நினைத்தாள். ஜெபத்தின் நடுவில் எழுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. இடியே விழுந்தாலும் ஆமென் சொல்லித்தான் எழ வேண்டும். 'எம்பிள்ளை மொகத்த ஒருக்கக் காட்டும் ஆண்டவரே' என்று நெடுநேரம் மன்றாடிவிட்டுப் போய்ப் பார்த்தாள். கொல்லையில் யாருமில்லை. படல் மட்டும் திறந்து கிடந்தது.

இப்போது உச்சிவெயில். நாலாவது பானையும் கொட்டியாகிவிட்டது. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் இறைக்கும்போதுகூடக் கிணற்றுக்குள் அவள் எட்டிப் பார்க்கவில்லை.

"மதினி, காலையிலருந்து பானை பானையாக் கொட்டுதிய. தண்ணிக்கு என்ன?" சுவரோரம் பரிபூரணம்.

"ஒண்ணுமில்ல."

"நானும் இதத்தான் குடிச்சேன். நல்லாத்தான இருக்கு. பொறவு ஏன் குடிக்காம நிக்கிய?"

போன வருஷத்துப் பார்வை. அதே கண்.

"நேத்து சாயங்காலம் நீ தண்ணிக்கு வந்தியாட்டி?"

"நானா? நேத்து நான் சேத்தூர்ல மக வீட்டுலல்ல இருந்தேன். காலையிலதான வாரேன்."

உருளை. செருப்பு. வாளி விழும் சத்தம்.

விழுந்தது வாளி இல்லை.

அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஐயோ, அவனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை! அருள்செல்விமேல் உயிரை வைத்திருந்தவன் அவன். அதனால் அந்த வாடை அவனுக்கு மட்டும் வந்தது. அதைப் பெற்றவளிடம்தான் முதலில் சொன்னான். அவள் சிரித்தாள். அப்புறம் கூண்டில் ஏறினாள்.

பரிபூரணம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏசம்மாள் செம்பை முக்கி எடுத்தாள். குடித்தாள். தொண்டையெல்லாம் வசம்பு. இன்னொரு செம்பு. முந்தானையெல்லாம் நனைந்தது.

"அதான பாத்தேன்" என்றாள் பரிபூரணம், மனசு ஆறினவளாக. "நேசையன் எப்ப வாரானாம் மதினி?"

"வந்துட்டான்."

"எங்க?"

ஏசம்மாள் மறுபடியும் செம்பை முக்கினாள். பரிபூரணத்தின் பார்வை மெல்ல மெல்லக் கிணற்றுப் பக்கம் திரும்பியது. ஒருநாளும் செம்பில் எச்சில் படக் குடிக்காத ஏசம்மாள், கைப்பிள்ளையின் உச்சியில் முகம் புதைப்பதுபோல் செம்புக்குள் முகத்தைப் புதைத்து, மோந்து மோந்து, குடித்துக்கொண்டே இருந்தாள்.