தையல் ஆறிய பிறகும்

“இன்னாடி, இன்னிக்கும் நைட்டியா? சொந்தக்காரங்க வர்ற நேரம். ஒரு புடவை கட்டினா கொறஞ்சா பூடுவ?”

மாமியார் மீனம்மாளின் குரல் படப்பை ஊரின் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. இந்திராணி அடுப்பில் கொதித்த குழம்பைக் கிளறினாள். பாவாடை நாடா இடுப்பில் பட்டாலே இடது விலாவுக்குக் கீழே மிளகாய்த்தூள் பூசியதுபோல் எரியும். போன வருஷம் புருஷன் மூர்த்திக்குச் சிறுநீரகம் கொடுத்த இடம் அது. அவன் தேறி, ஒரகடம் கம்பெனியில் மறுபடி ஷிப்டுக்குப் போகிறான். அவளுக்கோ புரண்டு படுக்க முடியவில்லை. “தையல் நல்லா ஆறிடுச்சு” என்று ஆபரேஷன் செய்த டாக்டர் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அவள் பொய்க்காரி.

“குடுத்தத சொல்லிக் காட்றதுக்கு ஒரு நடிப்பு...” என்றாள் மீனம்மாள். மூர்த்தி பையை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினான்.

அடுத்த மாதமே மீனம்மாளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் கூட இருக்க இந்திராணிதான் போனாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கட்டிலருகே வந்து விசாரித்தார். அவர் கிளம்பும்போது இந்திராணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“எனக்கு ஆபரேஷன் பண்ண எடம் இன்னும் எரிஞ்சிகினே கீது டாக்டர்... துணி பட்டாக்கூட தாங்கல. அத்தைக்கு அப்டி ஆவாம பாத்துக்க முடியுமா?”

டாக்டர் திரையை இழுத்துவிட்டு, அவள் விலாவில் பஞ்சால் மெல்லத் தடவினார். இந்திராணி துடித்துப்போய்க் கட்டில் கம்பியைப் பற்றினாள்.

“தோல் ஆறிடுச்சும்மா. உள்ள நரம்பு ஆறல. அடிபட்ட நரம்பு, சும்மா தொட்டாலே வலிக்கும். மாத்திரை தர்றேன், கொஞ்சம் கொஞ்சமாத்தான் கேக்கும்.” பிறகு மீனம்மாளிடம் திரும்பினார். “உங்களுக்கு முன்னாடியே முதுகுல மருந்து குடுத்து வலிய அடக்கிடுவோம். அப்புறமும் வலிச்சா பல்லக் கடிச்சிகிட்டு இருக்காதீங்க, உடனே சொல்லுங்க. முத்த விட்டா சில பேருக்கு வலி தங்கிடும்.”

டாக்டர் போனதும் மீனம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

“அவ்ளோ பேசினேன்... எனக்கு வரக் கூடாதுன்னு இன்னாத்துக்கு கேட்ட?”

“இது யாருக்கும் வேணாம் அத்தே.”

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மீனம்மாள் எழுந்து உட்கார்ந்த அன்று மூர்த்தி வந்தான்.

“அவ குடுத்தத வவுத்துல வெச்சிகினு சுத்துறியே, ஒரு நாளாவது அவ வலி இன்னான்னு கேட்டியாடா?” மீனம்மாளின் குரல் உடைந்தது. “நானும்தான் கேக்கல...”

மூர்த்தி முகத்தை மூடிக்கொண்டான். மீனம்மாள் மருமகளை அருகே இழுத்தாள். அணைக்கப் போன கை இடது இடுப்பருகே சட்டென்று நின்றது. பிறகு வலப்பக்கமாக வந்து, அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.