ஆறு மணிக் கட்டம்

மணி இரண்டாக இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஆனால் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டில், இரண்டு மணிக் கட்டத்தில், அவளுடைய நாடி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. எழுபத்தெட்டு.

தையல்காரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பித்தப்பையை எடுத்து மூன்று நாளாகிறது. வயிற்றில் நான்கு சின்னத் தையல்கள். அவள் கண்ணுக்கு அவை சுமாரான கைவேலைதான், ஆனால் பிரியாது. கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் சார்ட்டை எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். முப்பது வருடமாக ஊரார் உடம்பை அளந்து வயிறு வளர்த்தவள். தன் உடம்பை இன்னொருத்தர் அளந்து எழுதினால், அது சரியா என்று பார்க்காமல் இருக்க அவளால் முடியாது.

அதற்குக் காரணமும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல், தொண்டை வீங்கி, மூச்சு முட்டி, செத்துப் பிழைத்தவள் அவள். அன்றிலிருந்து தன் அளவு நோட்டின் முதல் பக்கத்தில் அந்த மருந்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். இங்கே சேர்ந்த அன்றே சொன்னாள். சார்ட்டின் மேலே சிவப்பு மையில் எழுதிவிடுகிறோம் என்றார்கள். மூன்று நாளாகியும் எழுதவில்லை. அதனால் கொடுக்கிற ஒவ்வொரு மாத்திரைக்கும் பெயர் கேட்டு, மணி போட்டு, நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியம்மா இருந்தாள். கண் விழித்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை வாய் ஓயாததால் வார்டே அவளை ரேடியோ என்றது. அவளுக்கு இந்த நோட்டுப் பழக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"நல்லாக் கேளும்மா, விடாதே. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்."

தையல்காரி சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கு மட்டுமல்ல. மூன்று மணிக்கு எண்பத்து நான்கு. நான்கு மணிக்குத் தொண்ணூற்றாறு. ஐந்து மணிக்கு நூற்றுப் பதினெட்டு. எல்லாம் ஒரே நீல மை, ஒரே கை. ஆறு மணிக் கட்டத்தில் எண் எதுவும் இல்லை. அங்கே ஒரு கோடு மட்டும் இருந்தது, அடிக்கோல் வைத்து இழுத்தது போல நேராக.

அளக்காமலே அளவு எழுதுவது அவளுக்குப் புதிதல்ல. அவள் கடையில் ஒருத்தி இருந்தாள், கண்ணாலேயே அளவெடுக்கிறேன் என்று எல்லோருக்கும் முப்பத்தாறு என்று எழுதி வைத்து, ஒரு கல்யாண வீட்டையே அழ வைத்தவள். பொய் எழுதுகிறவர்களுக்கு ஒரு சுபாவம் உண்டு, ஒரே எண்ணைத் திருப்பித் திருப்பி எழுதுவார்கள், அதுதான் சுலபம். பொய் எழுதுகிறவள் எதற்காக ஏறிக்கொண்டே போகும் எண்ணை எழுத வேண்டும்?

கைக்கடிகாரத்தைப் பார்த்து, மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினாள். இரண்டு மணிக்குச் சரியாக எழுபத்தெட்டு. சரி, எல்லோருக்கும் இருப்பதுதானே என்று நோட்டில் குறித்துக்கொண்டு படுத்தாள்.

தூக்கம் வரவில்லை. மதிய நேரத்து வார்டில் ஃபினாயிலும் வெந்நீரும் பழைய மெத்தையும் சேர்ந்த ஒரு நெடி இருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தொண்டையைச் செருமியது. எங்கோ தாழ்வாரத்தில் மருந்து வண்டியின் ஒற்றைச் சக்கரம் கிறீச்சிட்டு நின்று, மறுபடி கிறீச்சிட்டு, யாரையோ தேடுவது போல அறை அறையாக வந்துகொண்டிருந்தது. ரேடியோ தன் மூத்த மருமகள் சம்பாத்தியம் முழுவதையும் துணியில் போடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், தையல்காரி ம் கொட்டினாள்.

மூன்று மணிக்கு எண்ணினாள். எண்பத்து நான்கு.

தப்பாக எண்ணியிருப்போம் என்று மறுபடி எண்ணினாள். எண்பத்து நான்கு. அழைப்பு மணியை அழுத்தினாள்.

நர்ஸ் வர இருபது நிமிஷமாயிற்று. களைத்த முகம், நல்ல பெண். சார்ட்டை நீட்டியதும் அவள் முகம் கொஞ்சம் சிவந்தது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ரெண்டு பேரு முப்பது பெட்டைப் பாக்குறோம். மணிக்கு மணி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா மருந்தை யாரு குடுப்பா? ட்யூட்டிக்கு வந்ததும் சாயங்காலம் வரைக்கும் எழுதி வெச்சிடுவோம். இங்க எல்லாரும் அப்படித்தான்."

"அது புரியுது சிஸ்டர். என்ன எழுதியிருக்கீங்கன்னு பாருங்க."

"எழுபத்தெட்டுதான் எழுதுவேன். எல்லாருக்கும் அதான்." சொல்லிக்கொண்டே பார்த்தவள் நிறுத்தினாள். ரேடியோவின் சார்ட்டை எடுத்தாள். வரிசையாக எழுபத்தெட்டு. எதிர்ப் படுக்கையின் சார்ட். எழுபத்தெட்டு. திரும்பி வந்து தையல்காரியின் சார்ட்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"உங்க எழுத்து இல்லையா?"

"என் எழுத்துதான்." அவள் குரல் இறங்கியிருந்தது. "நான் இதை எழுதினதா ஞாபகம் இல்லம்மா."

"ஆறு மணிக்குக் கோடு போட்டிருக்கே. கோடு எப்பப் போடுவீங்க?"

நர்ஸ் அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்தாள். "கை தவறியிருக்கும். இதைக் கிழிச்சிட்டுப் புதுசு போட்டுத் தரேன்" என்று சார்ட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாகப் போனாள். கொக்கி மட்டும் கால்மாட்டில் ஆடியது. ரேடியோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் மருமகளைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சக்கரச் சத்தம் அவள் கட்டிலருகே வந்து நின்றது. இது வேறொரு நர்ஸ், முகமூடி போட்டவள், வேலைக்குப் புதுசு. பேர்கூடக் கேட்காமல் தையல்காரியின் கையில் செருகியிருந்த குழாயின் மூடியைத் திறந்து ஊசியைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"நில்லுங்க. என்ன மருந்து இது?"

"உங்களுக்கு எழுதினதுதாங்க."

"பேரைச் சொல்லுங்க."

அந்தப் பெண் ஊசியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். அளவு நோட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்த பெயர்.

தையல்காரி கையை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "என் பேரையும் படுக்கை நம்பரையும் பாருங்க முதல்ல" என்றாள். ஊசி ரேடியோவுக்கானது. கொக்கியில் சார்ட் இல்லாததால் புதுசுக்குப் படுக்கை மாறிப்போயிருந்தது. ட்யூட்டி டாக்டர் ஓடி வந்தார். புதுப் பெண் அழுதாள்.

"நீங்க கேட்டது நல்லதாப் போச்சும்மா" என்றார் டாக்டர். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பல பேரு கேக்க மாட்டாங்க."

தையல்காரிக்கு மனசு லேசானது. இதுதான் அது என்று நினைத்தாள். இதற்குத்தான் அந்தக் கோடு. இந்த ஊசி ஏறியிருந்தால் ஆறு மணிக்கு அவள் இல்லை. கேட்டாள், பிழைத்தாள். தன் வாயை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், நான்கு மணிக்கு, நாடியை எண்ணினாள். தொண்ணூற்றாறு.

பயந்த உடம்பு, ஏறத்தானே செய்யும். இருந்தாலும் நோட்டில் எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது.

நான்கரைக்குத் தங்கை வந்தாள். முதல் நர்ஸ் புதுச் சார்ட்டைக் கொண்டுவந்து மாட்டியிருந்தாள். மேலே சிவப்பு மையில் மருந்தின் பெயர், கீழே எல்லாக் கட்டமும் காலி. தையல்காரி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் தங்கையிடம் சொன்னாள்.

"ஊசி விஷயத்துக்கு எழுதிக் குடுப்போம், விடக் கூடாது" என்றாள் தங்கை. "ஆனா நாடி ஏறுதுன்னு நெனச்சுக்கிட்டே எண்ணினா ஏறாம என்ன பண்ணும்? இன்னைக்கு நீ எண்ணாதே. அவங்க மெஷின்ல பாக்கட்டும்."

சரிதான். அவள் எண்ணவில்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஆனால் காதுக்குள்ளே ஏதோ ஒன்று, தையல் மிஷினை யாரோ மெதுவாக மிதிக்கத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டுவது போல ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு நர்ஸ் வந்து விரலில் கிளிப்பை மாட்டினாள். மூன்று பேரும் எண்ணைப் பார்த்தார்கள். யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை. நர்ஸ் அதைப் புதுச் சார்ட்டில் எழுதினாள்.

நூற்றுப் பதினெட்டு.

"நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள் தையல்காரி.

டாக்டர் மறுபடி வந்தார். "இவ்வளவு வேகமா இருக்கும்போது அனுப்ப முடியாதும்மா. இன்னைக்கு ஒரு ராத்திரி இருங்க."

"ஆறு மணிக்கு எவ்வளவு இருக்கும் டாக்டர்?"

"அது ஆறு மணிக்குத்தானே தெரியும்."

அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் தரையைப் பார்த்தாள். இருப்பதா, போவதா? இங்கே மருந்தும் மிஷினும் இருந்தன, அந்தக் கோட்டை இழுத்த கையும் இங்கேதான் இருந்தது. என் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டாள். தங்கை தடுத்துப் பார்த்தாள். அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைக் கட்டினாள்.

சக்கர நாற்காலியில் ஏறும்போது, "போயிட்டு வரேம்மா" என்றாள் ரேடியோவிடம். ரேடியோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டும் திரும்பவில்லை. கதவைத் தாண்டுமுன் தையல்காரி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். துப்புரவுக்காரி அதற்குள் அவள் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள்.

வாடகைக் கார் கிடைத்து ஏறும்போது ஐந்து ஐம்பது. ஆபீஸ் விடும் நேரம், சாலை முழுக்க ஹாரன் சத்தம். தங்கை கைப்பேசியின் மணியை அவளுக்குத் தெரியும்படி மடியில் வைத்தாள். ஐந்து ஐம்பத்தேழு. சிக்னலில் கார் நின்றது. ஐந்து ஐம்பத்தொன்பது. தையல்காரி தங்கையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். காதுக்குள் மிஷின் ஓடியது. தறிகெட்டு ஓடியது.

ஆறு.

மிஷின் சத்தம் நின்றது.

ஹாரன்கள் கேட்டன. பச்சை விழுந்தது. கார் நகர்ந்தது. ஆறு ஒன்று. ஆறு இரண்டு.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல" என்றாள் தங்கை. சிரித்தாள், கண்ணில் தண்ணீர். தையல்காரியும் சிரித்தாள். எவ்வளவு அமைதியாக இருந்தது. வலியில்லை, படபடப்பில்லை, உடம்பு இத்தனை லேசாக இருந்து எத்தனை நாளாயிற்று. இனி இந்த எண்ணும் பைத்தியத்தை விட்டுவிட வேண்டும். கடைசியாக ஒரே ஒருமுறை எண்ணி, நோட்டில் எழுதி, மூடி வைத்துவிடலாம்.

மணிக்கட்டில் விரல் வைத்தாள்.

விரலைக் கொஞ்சம் நகர்த்தினாள். அழுத்தினாள்.

மற்றக் கை. கழுத்து. காதுக்குக் கீழே. தாடைக்குக் கீழே.

ஒன்றுமில்லை.

நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். துணி மூட்டையில் கை வைத்தது போல. பார்க்க முடிந்தது. கேட்க முடிந்தது. கடைகளில் விளக்கெரிந்தது. மூச்சு விட மறந்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மூச்சு முட்டவும் இல்லை.

"எவ்வளவு இருக்குக்கா?" என்றாள் தங்கை.

பேசுவதற்காகக் காற்றை உள்ளே இழுத்தாள்.

"எழுபத்தெட்டு."

"அப்பாடா." தங்கை அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். "ஐயோ, என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கு. டிரைவர், அந்த ஏசியைக் கொஞ்சம் குறைங்க. வீட்டுக்குப் போனதும் கஷாயம் வெச்சுத் தரேன். இனிமே மணிக்கு மணி நானே பாக்குறேன், நீ கவலைப்படாதே."

"வேணாம்டி. நானே பாத்து எழுதிடுறேன்."

கையை மெல்ல உருவிக்கொண்டாள். நோட்டை மடியில் விரித்து, அதற்குள் எப்போதும் செருகியிருக்கும் அடிக்கோலை வைத்துக் கட்டம் போட்டாள். ஆறு மணிக்கு நேரே எழுபத்தெட்டு என்று எழுதினாள். தங்கை எட்டிப் பார்த்துத் திருப்தியாகச் சாய்ந்து கண்ணை மூடினாள். தையல்காரி ஏழு மணிக் கட்டத்திலும் எழுபத்தெட்டு என்று எழுதினாள். எட்டு மணிக்கும் எழுதினாள். ஒன்பதுக்கும், பத்துக்கும். பக்கம் முடிந்ததும் திருப்பி, நாளைக்கான கட்டங்களைப் போட ஆரம்பித்தாள்.