யார் வேண்டுமானாலும் போடலாம்

மெஷினிலிருந்து இறங்கிய கண்ணீர் அஞ்சலி பேனரில் பெரியாயி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேனரை ஷிரோமி செய்யவில்லை.

பதுளையில் அவள் வேலை செய்யும் பேனர் கடைக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள். ஷிரோமி பேனர் அமைப்பது முன்னால் இருக்கும் லினக்ஸில். உள்ளறையில் அச்சு மெஷினை ஓட்டுவது விண்டோஸ். இரண்டும் எலியும் பூனையும். இதன் ஃபோல்டரை அது திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்க, வெறுத்துப்போனவள் காலையில் பாஸ்வேர்டை எடுத்துவிட்டாள். இனி யார் வேண்டுமானாலும் அதில் போடலாம். விழுந்ததை மெஷின் தானாக அச்சடிக்கும்.

"யாருன்னாலுமா? பாத்துடி," என்றாள் கூட வேலை செய்யும் நிலுக்ஷி.

"இங்க நம்ம ரெண்டு பேர விட்டா யாரு இருக்கா?"

காலையில்தான், ஷிரோமி தெமோதரையில் பஸ்ஸுக்கு நின்றபோது, தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன பெரியாயி, "மக ஸ்கூல் வேன்ல போயிருச்சா?" என்று கேட்டிருந்தாள். ஷிரோமியின் மகள் ஜெனீராவும் நிலுக்ஷியின் மகன் றோயும் போவது அந்த ஒரே வேனில்தான்.

பகலிலேயே பனி கண்ணாடிக் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளறையின் மை வாடைக்குள் எங்கிருந்தோ வாடிய சாமந்தி வாடை கலந்து வர, அச்சுத்தலை தகரத்தில் நகம் கீறுவதுபோலப் போய்ப்போய் வந்தது. கதவு திறந்தது. பெரியாயியின் மகன் தயாபரன்.

"அம்மா போயிருச்சுங்க. மலையில கொழுந்து எடுக்கயில விழுந்துருச்சு. பேனர் ஒண்ணு வேணும்."

அவன் நீட்டிய போட்டோவில், மெஷினில் வந்த பேனரில் இருந்த அதே சிரிப்பு.

நிலுக்ஷி அவனை உட்காரவைத்துத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். ஷிரோமி ஃபோல்டரைப் பார்த்தாள். இன்னொரு அஞ்சலி பேனர் விழுந்திருந்தது. ஸ்கூல் சட்டையில் ஜெனீரா. மறைந்த நாள் என்று இன்றைய தேதி.

அழித்தாள். அனுமதி இல்லை. உரிமையாளர் யாரென்று பார்த்தாள். யாருமில்லை. வேன் டிரைவருக்குப் போன் அடித்தாள். லைன் போகவில்லை. மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். மெஷின் ஓடியது.

படத்தை மாற்ற மட்டும் விட்டது. யார் வேண்டுமானாலும் என்றால் அவளும்தானே. நேற்று செய்த பிறந்தநாள் பேனரிலிருந்து றோயின் முகத்தை எடுத்து, மகளின் முகத்தின் மேல் வைத்தாள். பெயரை மாற்றினாள். என் பிள்ளை, என் பிள்ளை என்பதற்கு மேல் மனசு போகவில்லை.

மெஷினில் றோயின் பிறந்தநாள் தொப்பி வந்தது. றோயின் கண். றோய் மட்டும். ஷிரோமிக்கு மூச்சு வந்தது. சந்தோஷப்பட்டாள். ஆமாம், சந்தோஷம்தான்.

ஃபிளெக்ஸ் நிற்கவில்லை. றோய்க்குக் கீழே ஜெனீரா. அவளுக்குக் கீழே ரெட்டைச் சடைப் பிள்ளை. பிறகு பல் விழுந்த பையன். வேன் ஜன்னலில் கைகாட்டும் முகங்கள். ஷிரோமி ஒருவனைத்தான் போட்டிருந்தாள்.

தேத்தண்ணிக் கோப்பையோடு நிலுக்ஷி எட்டிப்பார்த்தாள்.

"யாரோடதுடி, இவ்வளவு நீளமா?"

ஷிரோமி தரையில் இறங்கிக் கிடந்த றோயின் முகத்தின் மேல் ஏறி நின்றுகொண்டாள். மெஷினில் வேன் டிரைவரின் நெற்றி வந்துகொண்டிருந்தது.