காலி சீட்டுக்கு அடித்த மணி

கனடாவின் சஸ்காட்செவனில் பனி முழங்காலளவு கிடந்த ஒரு மத்தியானம், வெண்டல் பழைய பிக்கப் வண்டியொன்றோடு வீடு வந்து சேர்ந்தான். லைசென்ஸ் டெஸ்ட் வைக்கும் அதிகாரி கூசிக் செத்துப்போக, அவர் பெண்டாட்டி விற்ற வண்டி. இளவயதில் வெண்டலைத் திரும்பத் திரும்ப ஃபெயிலாக்கிய, எந்நேரமும் பெப்பர்மின்ட் சப்பும் அதே கூசிக்.

மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொரு கேட்டையும் திறக்க இறங்கி ஏறுகிற சனத்துக்கு சீட் பெல்ட் பெரிய ரோதனை. அதை முதுகுக்குப் பின்னால் மாட்டி, அதன்மேலேயே சாய்ந்துகொள்வார்கள். எச்சரிக்கை மணியும் கத்தாது. வெண்டலும் அப்படித்தான்.

மறுநாள் காலை வண்டியைக் கிளப்பியதும் மணி கத்தியது. பக்கத்து சீட்டுக்கான மணி. அங்கே யாருமில்லை, பெப்பர்மின்ட் வாசனை மட்டும்.

மெக்கானிக் வயரை மாற்றினான். கத்தியது.

வெண்டல் சீட்டைக் குத்தினான். கத்தியது.

"அந்த சீட்டுக்கும் பெல்ட்டை மாட்டித் தொலையேன்," என்றாள் மனைவி லோர்னா.

"காத்துக்கு பெல்ட் மாட்ட நான் என்ன கிறுக்கனா?"

"உன்னோடதையாவது ஒழுங்கா மாட்டு. உன் தம்பி கண்ணாடிய ஒடச்சிட்டு வெளிய பறந்தது மறந்துபோச்சா?"

அவன் காலி சீட்டுக்கு மட்டும் மாட்டினான். மணி நின்றது. தெருமுனை தாண்டியதும், அவன் பக்கத்து மணி ஆரம்பித்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு பெல்ட்டை முன்னால் இழுத்து, பொதிபோன்ற பனிக்கோட்டின்மேல் மாட்டினான்.

நிற்கவில்லை.

பக்கத்து ஜன்னலில் மூச்சுப் பட்டதுபோல் ஆவி படர்ந்தது. உள்பக்கமாக.

"கோட்டைத் திற," என்றது ஒரு கிசுகிசுப்பு. "பட்டை இடுப்பெலும்பு மேல. வயித்து மேல இல்ல."

"யோவ் கூசிக்! செத்தும் உயிரை வாங்குறியே!"

கத்திக்கொண்டே வண்டியை நிறுத்தி, கோட்டைத் திறந்து, பட்டையைத் தாழ்த்தி இறுக்கினான்.

நிசப்தம்.

அரை மைல்கூடப் போகவில்லை, மான் குறுக்கே பாய்ந்தது. வண்டி பனியில் வழுக்கி, குட்டிக்கரணமடித்துப் பள்ளத்தில் நிமிர்ந்தது. வெண்டலின் நெஞ்சில் பட்டைத் தடம் மட்டும்.

பக்கத்து பெல்ட்டும் விறைத்து நின்றது, யாரையோ தாங்கியபடி.

பிக்கப்பை இழுத்துப்போக வந்த டல்லாஸ், தன் வண்டியில் வெண்டலை ஏற்றிக்கொண்டான். தன் பெல்ட்டை வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் மாட்டினான்.

மணி கத்தியது.

டல்லாஸ் வெளிறிப்போனான். "இந்த மணியோட வயரை வண்டி வாங்கின அன்னைக்கே வெட்டிட்டேனேய்யா!"

பெப்பர்மின்ட் மணத்தது.

வெண்டல் சலித்துக்கொண்டே, இருவருக்கும் நடுவில் இருந்த காலி இடத்துக்கு பெல்ட்டை மாட்டினான். பட்டை தானாகவே இறுகியது.

மணி நிற்கவில்லை.

"கோட்டைத் திற தம்பி," என்றான் வெண்டல். "அந்தாளு பாஸ் போடாம நம்மள விடமாட்டாரு."